பெயர்: இல்லை

தலன்சாத்காத் பதிவு அலுவலகம்.
மூன்றாம் ஜன்னலில் நான் உட்கார்ந்து பதினேழு வருடம்.
என் பெயர் ஒத்கோன். கடைக்குட்டி என்று பொருள்.
எனக்குப் பின்னால் இரண்டு தம்பிகள் பிறந்தார்கள்.

ஆகவே பெயர்களை நான் நம்புவதில்லை.
எழுத்துப்பிழை பார்ப்பேன், முத்திரை குத்துவேன்.

கோபியில் இன்று மைனஸ் இருபத்தாறு.
வெளியே நிலக்கரி லாரிகள் எஞ்சின் ஓட ஓட நிற்கின்றன;
அணைத்தால் திரும்ப உயிர் வராது.
பெஞ்சைப் பார்த்துக் கூப்பிடுகிறேன்.
'இவனில்லை' எழுந்து வருகிறார், ஓய்வூதியத் தாளோடு.
'மனிதனில்லை' வருகிறார், அட்டையைத் தொலைத்துவிட்டு.
'பெயரில்லை' என்றால்
மூன்று பேர் எழுந்து நிற்கிறார்கள்.

வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.
பிறந்த இரண்டையும் பறிகொடுத்த கூடாரத்தில்
மூன்றாவதை எங்கே ஒளிப்பது?
ஒரு கதவு, ஒரு அடுப்பு, சுற்றிலும் வெட்டவெளி.
மறைப்பென்று இருந்தது பெயர் மட்டும்தான்.

மூவரில் லாரிக்கார நெர்குய் முந்திக்கொண்டான்.
நகக்கண்ணில் கரி.
செம்மறித்தோல் பொதியில் பதினொரு நாள் பெண்.

இவனை எனக்குத் தெரியும்.
எல்லைக்கு அப்பால் ஒரு சுங்கச்சாவடியில்
புதிதாய் வந்த மொழிபெயர்ப்பாளன்
'பெயர் எழுதப்படவில்லை' என்று தாளைத் திருப்பிவிட,
நாற்பது டன் கரியோடு இரண்டு இரவு நின்றவன்.

அதற்கும் முன்னால்,
நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில்,
ஒரு அரசாங்கம் அழித்த குலப்பெயர்களை
இன்னொரு அரசாங்கம் தேடி எடுத்து வரச் சொன்னது.
வரிசையில் பாதிப்பேர் மன்னர் குலம் கேட்டார்கள்:
ஆட்டு வியாபாரி, பல் வைத்தியர், என் கணவரும்.
இவன் மட்டும் 'லாரி' என்று எழுதச் சொன்னான்.
விதிகளைப் புரட்டினேன். தடையில்லை. எழுதினேன்.

"பெண்ணுக்கு என்ன பெயர்?"

"மோன்க்நசன்."

நித்திய ஆயுள்.
விசைப்பலகையில் விரல் நின்றது.

"அக்காவின் பெயர்" என்றான்.
"நாற்பது நாள் இருந்தாள்.
அண்ணன் மோன்க்பாத், என்றும் உறுதியானவன்.
அவன் அத்தனை நாள்கூட இல்லை.
நல்ல பெயரெல்லாம் தீர்ந்த பிறகு பிறந்தவன் நான்."

பூவின் பெயர் ஏதாவது வைக்கலாமே என்றேன்.
என் வேலையில்லை அது. இருந்தும் சொன்னேன்.

கணினியை மோவாயால் காட்டினான்.
"பிறந்த அன்றே எண் கொடுத்துவிடுகிறீர்கள்.
வருகிறவன் எழுதப் படிக்கத் தெரிந்தவனென்றால்
எண்ணைப் பிடித்தே வந்து சேர்வான்.
இனி ஒளித்து என்ன?
கூப்பிட நன்றாக இருக்கட்டும்."

அப்பன் பெயர் முதலில் வரவேண்டும் எங்களுக்கு.
அடித்தேன்:
நெர்குயின் மோன்க்நசன்.
பெயரில்லாதவனின் நித்திய ஆயுள்.
எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன், இரண்டு முறை.
குளிரில் அச்சு இயந்திரம் முதல் தாளைக் கடித்துத் துப்பியது.
இரண்டாவதில் குத்தினேன் முத்திரையை,
கொஞ்சம் அழுத்தியே.

தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.
வாசல் வரை போனான்.
கதவைத் திறக்குமுன்
பொதியை லேசாக விலக்கி
கரிபடிந்த கட்டைவிரலைக் குழந்தையின் நெற்றியில்
ஒருமுறை இழுத்தான்.

நான் பார்க்கவில்லை.
பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெயரில்லை" என்று கூப்பிட்டேன்.
இரண்டு பேர் எழுந்தார்கள்.